தானே திறந்த கேட், இறங்கிப்போன பேட்டரி: கார்–வீடு இணைப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கார் வீட்டு வைஃபையைத் தொட்டதும் கேட் திறக்க வேண்டும், போர்ட்டிகோ விளக்கு எரிய வேண்டும், காருக்குள் கால்வைக்கும் இடத்தில் வண்ண விளக்கு ஓட வேண்டும். கையில் சால்டரிங் அயன் இருப்பவர்கள் வார இறுதியில் செய்துவிடக்கூடிய வேலைதான். இத்தகைய அமைப்புகளில் திரும்பத் திரும்ப வரும் நான்கு கோளாறுகளை ஒரே கார், ஒரே வீட்டின் மேல் வைத்து இந்த ஆய்வு பார்க்கிறது. நான்கும் தனித்தனிப் புகார்களாகத்தான் வரும். ஆனால் மூன்று பவர் சப்ளையில் போய் முடியும். நான்காவதுக்கும் பவர் சப்ளைக்கும் தொடர்பில்லை, ஆபத்து அதில்தான் அதிகம்.

காருக்குள் இருந்தவை: 38 பின் இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர் சிப்) டெவ்கிட் போர்டு ஒன்று, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் எல்எம்2596 பக் மாட்யூல், 72 எல்இடி கொண்ட டபிள்யூஎஸ்2812பி பட்டை, பிளஸ் ஒயரில் தொடராக ஒரு 1என்4007 டையோடு. இணைப்பு ஃப்யூஸ் பெட்டியில் எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்திலிருந்து. வீட்டில் இன்னொரு இஎஸ்பி32, ஒரு ரிலே (மின்சாரத்தால் இழுபடும் சுவிட்ச்) மாட்யூல். ரிலேயின் தொடுமுனை 4 மீட்டர் ஸ்லைடிங் கேட் மோட்டாரின் ‘ஸ்டார்ட்’ முனையில். நடுவே ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஹோம் அசிஸ்டன்ட்டும் (வீட்டுக் கருவிகளை இயக்கும் மென்பொருள்) மஸ்கிட்டோ புரோக்கரும் (போர்டுகளுக்கிடையே செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மென்பொருள்). ரவுட்டரும் பையும் யுபிஎஸ்ஸில், கேட் போர்டும் மோட்டாரும் யுபிஎஸ் இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில். இந்தக் கடைசி விவரம் பிறகு முக்கியமாகிறது.

புகார்கள்: எட்டு நாள் நிறுத்திவைத்த காரில் செல்ஃப் எடுக்கவில்லை. ஜம்பர் கேபிள் போட்டு எடுத்த அன்றே எல்இடி பட்டை முழுவதும் செத்தது. காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்தால் கேட் தானே திறக்கிறது (இதை வசதி என்றே எண்ணி ரொம்ப நாள் விட்டுவைத்திருந்தார்கள்). கரன்ட் போய் வந்தால் கேட் கால்வாசி திறந்து நிற்கிறது.

கால்வாசி திறந்த கேட்

பாதுகாப்புக் கோளாறு என்பதால் இதை முதலில் எடுக்க வேண்டும். ‘கால்வாசி’ என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்டார்ட் முனை படிப்படி முறையில் வேலை செய்கிறது: முதல் துடிப்புக்குத் திறக்கும், ஓடும்போது அடுத்த துடிப்பு வந்தால் நிற்கும், மூன்றாவதுக்கு மூடும். 20 நொடியில் முழுதும் திறக்கும் கேட் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடி நிற்கிறது என்றால், சுமார் 5 நொடி இடைவெளியில் இரண்டு துடிப்புகள் வந்திருக்கின்றன. ஒரு பிழையைத் தேடினால் இதைப் பிடிக்க முடியாது. இரண்டைத் தேட வேண்டும்.

சோதிக்கும்போது மோட்டாரின் ஸ்டார்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, ரிலே தொடுமுனையில் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட் இரண்டு முறை அடித்த பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இல்லை இது. மின்சாரத்தை அணைத்துப் போட்டதும் முதல் நொடியை ஒட்டி அரை நொடி நீளத்துக்கு ஒரு பீப், ஆறாவது நொடியை ஒட்டி இன்னொன்று. பிறகு போர்டில் வைஃபை பெயரை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்து மறுபடி போட்டால் முதல் பீப் மட்டும் வருகிறது. ஆக, முதல் துடிப்பு போர்டுக்குள்ளேயே பிறக்கிறது, இரண்டாவது நெட்வொர்க் வழியே வருகிறது.

முதல் துடிப்பின் காரணம் பழைய கதை. கடையில் எளிதில் கிடைக்கும் ஒற்றை ரிலே மாட்யூல்களில் பல, உள்ளீடு பூஜ்யத்துக்கு இறங்கினால் ரிலேயை இழுப்பவை. நிரலில் பின்னை அவுட்புட்டாக அறிவித்த கணமே அது பூஜ்யத்தில் நிற்கும். அதை உயர்த்தும் வரி, சென்சார்களைத் தொடங்கும் வரிகளுக்குக் கீழே இருந்தது. அந்த அரை நொடி முழுவதும் ரிலே இழுத்துக்கொண்டிருந்தது. உயர்த்தும் வரியை அறிவிப்புக்கு முன்னால் போட்டால் சரியாகிவிடும் என்று பழைய ஆர்டுயினோ பழக்கத்தில் சொல்வார்கள். இஎஸ்பி32 ஆர்டுயினோ கோரின் 3ஆம் வரிசைப் பதிப்புகளில் அது எடுபடாது, அவுட்புட்டாக அறிவிக்காத பின்னுக்கு எழுதுவதை அது ஏற்பதில்லை. நிரலில் சுற்றி வளைப்பதைவிட வன்பொருளில் தீர்ப்பதே நல்லது. ரிலே மாட்யூலை எடுத்துவிட்டு, ரிலே காயிலை ஏஓ3400 மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஒன்றால் ஓட்டுங்கள். மாஸ்ஃபெட்டின் கேட் முனையிலிருந்து (வாசல் கேட் அல்ல) கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், பின்னுக்கும் கேட் முனைக்கும் நடுவே 100 ஓம், காயிலின் குறுக்கே ஒரு 1என்4007. 5 வோல்ட் ரிலே காயில் சுமார் 70 மில்லி ஆம்ப்தான் இழுக்கும். ஏஓ3400 3.3 வோல்ட்டிலேயே நன்றாகத் திறந்துகொள்ளும். இப்போது போர்டு உயிரோடு இல்லாதபோதும், பின் அந்தரத்தில் நிற்கும்போதும் ரிலே விட்ட நிலையிலேயே இருக்கும்.

எந்தப் பின் என்பதும் முக்கியம். ஜிபிஐஓ (நிரலால் இயக்கும் பின்) எண்கள் 0, 2, 5, 12, 15 ஐந்தும் இஎஸ்பி32 துவங்கும்போது பார்த்துக்கொள்ளும் பின்கள். 12 உயர்ந்து நின்றால் ஃப்ளாஷ் மின்னழுத்தம் 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு போர்டு எழாமலே போகலாம். 5, 14, 15 ஆகியவை துவக்கத்தில் தாமாகவே சற்றுத் துடிக்கும். 1ஆம் பின்னில் துவக்கச் செய்திகள் ஓடும். கேட் போன்றவற்றுக்கு 25, 26, 27, 32, 33 இவற்றில் ஒன்றை எடுப்பது நிம்மதி.

இரண்டாவது துடிப்பு, போர்டுகளும் புரோக்கரும் பேசிக்கொள்ளும் செய்தி முறையான எம்கியூடிடியின் ரீடெயின் கொடியால் வந்தது. ரீடெயின் போட்டு அனுப்பிய கடைசிச் செய்தியை புரோக்கர் வைத்துக்கொள்ளும். அந்தத் தலைப்பை யார் புதிதாகக் கேட்க வந்தாலும் உடனே கையில் கொடுக்கும். ‘அறை வெப்பநிலை 31’ போன்ற நிலைச் செய்திகளுக்கு இது அருமையான வசதி. ‘கேட்டைத் திற’ என்பது நிலை அல்ல, கட்டளை. நேற்று மாலை போட்ட கட்டளை, கரன்ட் வந்து கேட் போர்டு இணைந்ததும் மறுபடி நிறைவேறியது. ரவுட்டரும் பையும் யுபிஎஸ்ஸில் இருந்ததால் இணைப்பு 6 நொடியில் கிடைத்தது, கேட் கால்வாசியில் நின்று காட்டிக்கொடுத்தது. யுபிஎஸ் இல்லாத வீட்டில் பையும் ரவுட்டரும் எழுந்துவர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் துடிப்பில் கேட் முழுதும் திறந்து, இரண்டாவதில் மூடிக்கொண்டிருக்கும். வாசலைப் பார்த்தவர் யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.

திருத்தம்: கட்டளைத் தலைப்பில் ரீடெயினை அணைத்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே புரோக்கரில் தங்கியிருப்பதையும் அழிக்க வேண்டும். அதே தலைப்புக்கு ரீடெயின் கொடியோடு வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்பினால் அது போய்விடும். இன்னொரு சந்து இருக்கிறது: கேட் போர்டு நிலையான செஷனில் (இணைப்பு அறுந்தாலும் புரோக்கர் நினைவில் வைத்திருப்பது), கியூஓஎஸ் 1இல் (செய்தி போய்ச் சேரும்வரை விடாத நிலை) இணைந்திருந்தால், அது இல்லாதபோது வந்த கட்டளைகளை புரோக்கர் வரிசையில் வைத்திருந்து பிறகு கொடுக்கும். ரீடெயின் இல்லாமலே அதே விளைவு. அதனால் கட்டளைக்கு கியூஓஎஸ் 0, கிளீன் செஷன். இதற்கும் மேலாக, செய்தி வரும்போது அதில் ரீடெயின் கொடி இருந்தால் தூக்கிப்போடும்படி போர்டில் ஒரு வரி. கட்டளையோடு நேரமுத்திரை அனுப்பி 5 நொடிக்கு மேல் பழையதை நிராகரிப்பது இன்னும் உறுதி, அதற்கு போர்டில் என்டிபி (நெட்வொர்க் வழியே சரியான நேரம் பெறும் முறை) நேரம் ஓட வேண்டும். கேட்டுக்கென்று தனிப் பயனர் பெயர், கடவுச்சொல், யார் எந்தத் தலைப்புக்கு எழுதலாம் என்ற ஏசிஎல் பட்டியல் ஆகியவற்றைச் சொல்லவே தேவையில்லை என்று நினைப்போம். ஆனால் வீட்டு புரோக்கர்கள் பல பெயர் கேட்காமலே உள்ளே விடும்படி அமைந்திருக்கின்றன.

கேட்டின் ஃபோட்டோசெல், தடை உணர்வு இரண்டும் மோட்டார் போர்டிலேயே இருக்கட்டும். அந்த ஒயர்களை எந்தக் காரணத்துக்காகவும் இஎஸ்பி வழியே திருப்பிவிடாதீர்கள்.

ஸ்டார்ட் செய்தால் கேட் திறப்பது

கார் போர்டு வைஃபையில் இணைந்ததும் ‘வந்தாச்சு’ என்று அனுப்பும். ஸ்டார்ட் செய்யும்போது போர்டு ரீசெட் ஆகி மறுபடி இணைந்தால், வீட்டைப் பொறுத்தவரை கார் புதிதாக வந்துவிட்டது. ரீசெட் காரணத்தை போர்டே சொல்லும். துவக்கத்தில் அதைப் படித்து எம்கியூடிடியில் அனுப்பினால் ‘பிரவுன்அவுட்’ என்று வருகிறது, அதாவது மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கியதால் ரீசெட்.

மல்டிமீட்டரில் பார்த்தால் ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி 8.9 வோல்ட்டுக்கு இறங்குவதாகத் தெரிந்தது, அதில் குறை ஒன்றுமில்லை. மல்டிமீட்டர் மெதுவானது. ஆசிலோஸ்கோப்பில் செல்ஃப் மோட்டார் முதலில் இழுக்கும்போது 30 மில்லி நொடிக்கு 5.4 வோல்ட். வயதான பேட்டரிக்கு இது வியப்பில்லை. கார் மின்னணுவுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரத்தின் சோதனைகளில் முதல் இறக்கம் 3 வோல்ட் வரைகூடப் போகிறது. கணக்கைப் போடுங்கள்: 5.4இல் 1என்4007 டையோடு 0.8 எடுக்கும், மீதி 4.6. எல்எம்2596இன் உள் சுவிட்ச் 1.2 எடுக்கும், 3.4. டெவ்கிட் போர்டில் உள்ள ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் 1.1 எடுக்கும், 2.3. இஎஸ்பி32இன் பிரவுன்அவுட் எல்லை சுமார் 2.43 வோல்ட். ஒவ்வொரு பாகமும் தன் தாளில் சொன்னபடிதான் நடக்கிறது, வரிசையாக வைத்ததில்தான் கோளாறு.

இதற்கு இரண்டு மருந்து, இரண்டும் வேண்டும். மின்பக்கம்: டையோடுக்குப் பின்னால் 1000 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட் கப்பாசிட்டர். போர்டு 3.3 வோல்ட்டில் 150 மில்லி ஆம்ப் இழுத்தால் அரை வாட், கன்வெர்ட்டர் இழப்போடு 0.58 வாட். கப்பாசிட்டர் 11.5இலிருந்து 6 வோல்ட் வரை இறங்கும்போது ஏறத்தாழ 0.048 ஜூல் கொடுக்கும். 80 மில்லி நொடிக்குத் தாங்கும், 30க்கு அது தாராளம். நிரல் பக்கம்: வைஃபை இணைப்பு மட்டும் வருகைக்குச் சாட்சி ஆகாது. கார் குறைந்தது 5 நிமிடம் நெட்வொர்க்கில் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். பேட்டரி மின்னழுத்தம் 13.2க்கு மேல், அதாவது ஆல்டர்னேட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரீசெட் காரணம் பிரவுன்அவுட்டாக இருக்கக் கூடாது. கேட்டில் வைத்த ரீட் சுவிட்ச் (காந்தம் அருகில் வந்தால் மாறும் சுவிட்ச்) ‘மூடியிருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் துடிப்பு. ஆல்டர்னேட்டர் மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்பக் குறைக்கும் புதிய கார்களில் 13.2 எல்லை சரிவராமல் போகலாம், அங்கே இக்னிஷன் ஒயரையே சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு நாளில் இறங்கிய பேட்டரி

அளவெடுக்கும் முறையில் அவசரம்தான் எதிரி. பேட்டரி மைனஸ் கேபிளுக்கும் முனைக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்ப் நிலையில் தொடராக வைத்து, கதவுப் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளி, காரைப் பூட்டி, அரை மணி முதல் முக்கால் மணி வரை சும்மா இருக்க வேண்டும். காரின் சொந்த கன்ட்ரோல் யூனிட்டுகள் உறங்குவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கலாம். நடுவில் கதவைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. மீட்டர் தொடரில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் மீட்டரின் ஃப்யூஸ் போகும், அது இல்லாத மலிவு மீட்டர் என்றால் மீட்டரே போகும்.

உறங்கிய பிறகு 101 மில்லி ஆம்ப். நாம் போட்ட ஃப்யூஸை உருவினால் 22. பொதுவாக 50க்குக் கீழே இருந்தால் கார் நலம். ஆக 79 மில்லி ஆம்ப் நம்முடையது. பிரித்துப் பார்த்தால்: வீட்டு வைஃபை எட்டாத இடத்தில் விடாமல் தேடிக்கொண்டிருக்கும் இஎஸ்பி32 சுமார் 45, அணைந்திருக்கும் எல்இடி பட்டை 25 அளவில், மீதி எல்எம்2596 தானே குடிப்பதும் அதன் மேலுள்ள காட்டி விளக்கும். அணைந்த பட்டையா 25 குடிக்கிறது என்று கேட்கலாம். டபிள்யூஎஸ்2812பியின் ஒவ்வொரு எல்இடிக்குள்ளும் ஒரு சிப் இருக்கிறது. கறுப்பு நிறம் காட்டும்போதும் அது ஒரு மில்லி ஆம்ப்புக்குச் சற்றுக் குறைவாக இழுத்துக்கொண்டே இருக்கும். 72 இருந்தால் 5 வோல்ட்டில் 50 மில்லி ஆம்ப், 12 வோல்ட் பக்கத்தில் அதுவே 25 அளவு. நிறத்தைக் கறுப்பாக்குவது அணைப்பதாகாது.

101 மில்லி ஆம்ப் ஒரு நாளைக்கு 2.4 ஆம்ப்-மணி. எட்டு நாளில் 19. பெயரளவில் 45 ஆம்ப்-மணிப் பேட்டரிக்கு இது பாதிக்கும் கீழே; மூன்று வயதாகி 30ஐத் தேக்கிவைக்கும் பேட்டரிக்கு இது மரண அடி.

டீப் ஸ்லீப் (சிப்பை ஏறத்தாழ முழுதும் உறங்கவைக்கும் நிலை) போட்டால் போதும் என்பது அடுத்த பொறி. இஎஸ்பி32 சிப் டீப் ஸ்லீப்பில் 10 மைக்ரோ ஆம்ப்தான். டெவ்கிட் போர்டோ ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப், சிவப்பு விளக்கு என்று மில்லி ஆம்ப் கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும். ஏஎம்எஸ்1117 மட்டுமே 5 மில்லி ஆம்ப் அளவு. நிரந்தரமாகக் காரில் தங்கும் வேலைக்கு டெவ்கிட் ஆகாது, வுரூம்-32இ மாட்யூலையே நேரடியாக 3.3 வோல்ட்டில் ஓட்டுங்கள். ஈஎன் முனையில் (சிப்பை ஓடவோ நிற்கவோ வைக்கும் முனை) 10 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட். நிரல் ஏற்ற ஒரு சிறிய ஹெடர் விட்டுவைத்தால் போதும்.

செத்த பட்டை

பேட்டரி இறங்கியதால்தான் ஜம்பர் கேபிள். இன்ஜின் எடுத்ததும், ஹெட்லைட்டும் ஏசியும் ஓடிக்கொண்டிருக்க, கேபிளை உருவினார்கள். வெறும் பேட்டரியை வேகமாக ஏற்றிக்கொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரிடமிருந்து சுமையைத் திடீரெனப் பிடுங்கினால் மின்னழுத்தம் எகிறும், லோட் டம்ப் என்பது இதுதான். பேட்டரி முனை தளர்ந்திருந்தால் இன்னும் மோசம். தடுப்பு இல்லாத ஆல்டர்னேட்டருக்கு ஐஎஸ்ஓ 16750-2 சோதனையில் 79 முதல் 101 வோல்ட், 40 முதல் 400 மில்லி நொடி வரை. தடுப்பு உள்ளதில் 35 வோல்ட். எல்எம்2596இன் உச்ச எல்லை 45. அது ஷார்ட்டாகிச் செத்தது, 5 வோல்ட் தடத்தில் 14 வோல்ட் ஏறியது. பட்டை முழுவதும் போனது, இஎஸ்பி போர்டு பிழைத்தது. ஏஎம்எஸ்1117 15 வோல்ட் வரை தாங்கும் என்பதால் ஒரு மயிரிழையில் தப்பித்தது.

இங்கே பலரும் எஸ்எம்பிஜே24ஏ டிவிஎஸ் டையோடு (எகிறும் மின்னழுத்தத்தைப் பிடித்து அடக்கும் பாகம்) ஒன்றைப் போட்டு நிம்மதி அடைகிறார்கள். அது 600 வாட், அதுவும் மில்லி நொடி அளவிலான துடிப்புக்கு. 400 மில்லி நொடிக்கு அது கரியாகும். இந்த வேலைக்கென்றே செய்த எஸ்எம்8எஸ்24ஏ போடுங்கள். பெரிய பாகம், உச்ச மின்னோட்டத்தில் 38.9 வோல்ட்டில் பிடித்துக்கொள்ளும். பேட்டரியைத் தலைகீழாக இணைத்தால் அது நேர்த்திசையில் கடத்தி ஃப்யூஸை ஊதிவிடும், அதுவும் லாபம்.

மறுகட்டமைப்பு

பேட்டரியிலிருந்து பார்த்தால் வரிசை இது: 3 ஆம்ப் மினி ஃப்யூஸ், 0.75 சதுர மி.மீ. ஒயர், எஸ்எம்8எஸ்24ஏ, எஸ்எஸ்310 ஷாட்கி டையோடு, 1000 மைக்ரோ ஃபாரட் கப்பாசிட்டர். அங்கிருந்து இரண்டு கிளை. இஎஸ்பிக்கு எல்எம்5164 கன்வெர்ட்டர், 3.3 வோல்ட் வெளியீடு. 6 முதல் 100 வோல்ட் வரை உள்ளீடு தாங்கும், சும்மா இருக்கும்போது சுமார் 10.5 மைக்ரோ ஆம்ப். பட்டைக்கு டிபிஎஸ்54360 கன்வெர்ட்டர், 60 வோல்ட் தாங்குவது, 5 வோல்ட் வெளியீடு. இதில் ஒரு கண்ணி: டிபிஎஸ்54360இன் ஈஎன் முனையை அந்தரத்தில் விட்டால் அது அணையாது, ஓடும். ஆகவே இக்னிஷன் ஒயரிலிருந்து 100 கிலோ, 20 கிலோ ஓம் பிரிப்பான் வழியே ஈஎன்னுக்குக் கொடுங்கள். 12 வோல்ட்டில் 2 வோல்ட் கிடைக்கும், சாவியை எடுத்தால் பட்டையின் மின்சாரமே நின்றுபோகும். ஸ்டார்ட் செய்யும்போது பட்டை ஒரு கணம் அணைவது இதனால்தான், கோளாறில்லை.

72 எல்இடியும் முழு வெள்ளையில் எரிந்தால் 4.3 ஆம்ப். கால்வைக்கும் இடத்துக்கு அவ்வளவு தேவையில்லை, நிரலில் 30 சதவீதத்துக்குக் கட்டிவிட்டால் 1.3 ஆம்ப். பட்டையின் தரவு முனை 5 வோல்ட்டில் 3.5 வோல்ட்டுக்கு மேல் எதிர்பார்க்கிறது, இஎஸ்பி தருவது 3.3. மேசை மேல் வேலை செய்யும், வெயிலில் நின்ற காரில் மினுக்கும். நடுவே 74ஏஹெச்சிடி125 (3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டாக்கித் தரும் பஃபர் சிப்), அதற்கு அடுத்து 330 ஓம். அந்த பஃபருக்கும் பட்டையின் 5 வோல்ட்டையே கொடுங்கள். இல்லாவிட்டால் பட்டைக்கு மின்சாரம் நின்ற பிறகும் தரவு ஒயர் வழியே திருட்டுத்தனமாகக் கசிந்து முதல் எல்இடி மங்கலாக எரியும்.

பேட்டரி மின்னழுத்தம் படிக்க 470 கிலோ, 68 கிலோ ஓம் பிரிப்பான், ஜிபிஐஓ 34, கிரவுண்டுக்கு 100 நானோ ஃபாரட். மின்னழுத்தத்தை அளக்கும் ஏடிசி பகுதிகள் இரண்டு, வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் பயன்படாது, ஏடிசி1 மட்டும். விழிப்புக்கு இக்னிஷன் ஒயரை 100 கிலோ, 27 கிலோ வழியே ஜிபிஐஓ 33க்கு, அங்கே ஒரு 3.3 வோல்ட் ஜெனர். சாவி எடுத்து 10 நிமிடம் கழித்து டீப் ஸ்லீப். உறக்கத்தில் மொத்த இழுப்பு: கன்வெர்ட்டர், சிப், பிரிப்பான் எல்லாம் சேர்ந்து 0.1 மில்லி ஆம்ப்புக்குள். மீட்டரில் காரின் 22இலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மின்சாரம் எடுக்கும் ஃப்யூஸைத் தேர்ந்தெடுக்கும்போது ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கன்ட்ரோல் இவற்றின் ஃப்யூஸ்களைத் தொடவே கூடாது. மைனஸை டேஷ்போர்டில் கைக்கு அகப்பட்ட திருகில் கட்டாமல், காரின் சொந்த கிரவுண்டுப் புள்ளி ஒன்றில், பெயின்ட்டைச் சுரண்டி, வளைய முனை போட்டு முடுக்குங்கள்.

முடித்த பின் சோதனை

காரைப் பத்து முறை ஸ்டார்ட் செய்து ஒவ்வொரு முறையும் ரீசெட் காரணம் பாருங்கள், ஒன்றுகூடப் பிரவுன்அவுட் வரக் கூடாது. கேட் பக்கத்தில் ஸ்டார்ட் ஒயரைக் கழற்றி, ரிலேயில் மீட்டர் வைத்து, கேட் போர்டு மட்டும், ரவுட்டர் மட்டும், புரோக்கர் மட்டும், மூன்றும் ஒன்றாக என்று அணைத்துப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் தாமதமாக வரும் பீப்தான் ஏமாற்றும். ஒரு பீப்கூட வரவில்லை என்றால் ஒயரை மாட்டலாம்.

5 நிமிட விதிக்கு ஒரு விலை உண்டு. தெருமுனை வரை போய் உடனே திரும்பினால் கேட் திறக்காது, ரிமோட்டை அழுத்த வேண்டியதுதான். அந்த எல்லையை ஒரு நிமிடமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள். கார் நிற்கும் இடத்தில் வைஃபை வலு −80 டிபிஎம்முக்குக் கீழே இருந்தால் குறைக்காதீர்கள். அந்த வலுவில் இணைப்பு தானே அறுந்து ஒட்டிக்கொண்டிருக்கும்.